ஐந்தாம் மட்டத்து மீன்குழம்பு

என் வாய் சும்மா இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. என் வாய் சும்மா இருந்ததாக வீட்டிலோ வேலையிடத்திலோ யாரும் சாட்சி சொல்ல வரமாட்டார்கள்.

புதிய கல்விச் சட்டம் ஒன்று வரப்போகிறது, அதற்கு ஊர் ஊராகப் போய்க் கருத்துக் கேட்கிறோம் என்று கொழும்பிலிருந்து சிலர் திருகோணமலைக்கு வந்தார்கள். கூட்டம் எங்கள் தொழிற்பயிற்சி நிலையத்து மண்டபத்தில் நடந்தது. அந்த நிலையத்தில்தான் நான் இருபது வருடத்துக்கு மேலாகச் சமையல் படிப்பிக்கிறேன். நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்களில் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிற பிள்ளைகளில் பாதிப்பேர் என்னிடம் ஏச்சு வாங்கியவர்கள். மற்றப் பாதிப்பேர், என்னிடம் ஏச்சு வாங்கியவர்களிடம் இப்போது ஏச்சு வாங்குகிறார்கள்.

வந்தவர்களில் பெரியவர் சிங்களத்தில் பேசினார். பக்கத்தில் நின்ற கண்ணாடிக்காரத் தம்பி அதைத் தமிழில் சொன்னார். பள்ளிக்கூடத்துப் படிப்பு ஒரு பக்கம், தொழிற்படிப்பு இன்னொரு பக்கம், பல்கலைக்கழகம் வேறொரு பக்கம் என்று இந்த நாட்டில் மூன்றும் ஒன்றின் முகத்தை ஒன்று பாராமல் இருக்கின்றனவாம். புதிய சட்டம் எல்லாவற்றையும் ஒரே ஏணியில் கொண்டுவந்து நிறுத்துமாம். அடியில் ஒன்றாம் மட்டம், மேலே போகப்போகப் பட்டம், உச்சியில் கலாநிதி. மேசனும் அதில் ஒரு படியில் நிற்பார், கணக்காளரும் ஒரு படியில் நிற்பார், கீழே நிற்கிற எவருக்கும் மேலே ஏற வழி இருக்கும். பகிடிக்குச் சொல்லவில்லை, எனக்கு அது உண்மையிலேயே பிடித்துப்போயிற்று. என்னிடம் சமையல் படித்த பிள்ளைகளைப் பெண் பார்க்க வந்த இடத்தில், “வேற ஒண்டும் படிக்கேல்லையோ?” என்று கேட்ட சீமான்களை நான் அறிவேன்.

பிறகு, “உங்கள் கருத்து என்ன?” என்று கேட்டார்கள். எல்லாருடைய கருத்தும் பின்மேசையில் என் பிள்ளைகள் பொரித்து அடுக்கி வைத்திருந்த பற்றிசிலும் ரோல்சிலும் இருந்தது. அந்த நேரம் பார்த்து எங்கள் நிலையத்துக் கணினி ஆசிரியர் எழும்பினார். இந்தக் காலத்துப் பிள்ளைகளின் தரம் விழுந்துவிட்டது, ஆகையால் சோதனைகளைக் கடுமையாக்க வேண்டும் என்றார். இவர் யார்? ஆதிகாலத்துக் குறிப்பைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டுக் கதிரையில் கண்ணயர்கிற மனுசன். தட்டச்சுப் பலகையில் இரண்டு விரலால் கோழி கொத்துகிற மாதிரிக் கொத்துகிறவர். எனக்குக் கோபம் ஏறியது பார், உச்சி வரைக்கும் ஏறியது.

நான் எழும்பினேன். “படிக்கிற பிள்ளையளுக்கு மட்டும் ஏணி வச்சாக் காணாது, சேர். படிப்பிக்கிற எங்களையும் ஏத்திப் பாருங்கோ. படிப்பிக்கிற மட்டத்துக்கு ஒரு படி மேல நிக்கிறமோ எண்டு சோதிச்சுப்போட்டு வகுப்புக்குள்ள விடுங்கோ. சும்மா பேருக்குப் புள்ளி போடாமல், கையால செய்விச்சுப் பாருங்கோ” என்றேன். மண்டபம் கைதட்டியது. கணினி ஆசிரியர் முகம் கறுத்தது. பெரியவர் குறித்துக்கொண்டார். கொழும்புக்காரர் குறித்துக்கொண்டு போவதெல்லாம் எங்கே போய்ச் சேரும் என்பது தெரிந்ததால், நான் நிம்மதியாக ஒரு பற்றிசை எடுத்துச் சாப்பிட்டேன்.

கடவுளே, அந்த ஒருமுறை மட்டும் அது போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது!

சில மாதத்துக்குப் பிறகு எங்கள் நிலையப் பொறுப்பதிகாரி எல்லாரையும் கூப்பிட்டார். படிப்பிப்பவர்களையும் சோதிக்கவேண்டும் என்ற யோசனையைச் சட்டவரைவில் சேர்த்திருக்கிறார்கள், சட்டம் வருமுன்னரே ஒரு மாவட்டத்தில் அதைச் செய்து பார்க்கப் போகிறார்கள், யோசனை எங்கிருந்து வந்ததோ அந்த மாவட்டத்தையே தெரிந்தெடுத்திருக்கிறார்கள் என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். தச்சு வேலை, மின்சாரம், தையல் என்று எல்லாப் பகுதி ஆசிரியர்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். “நல்லாய்க் கதைச்சனீங்கள், மிஸ்” என்று தையல் ரீச்சர் சொன்ன விதத்தில் ஊசியும் இருந்தது, நூலும் இருந்தது.

இனித்தான் வேடிக்கை. கணினி ஆசிரியர் எப்போதோ, எங்கோ, வீட்டிலிருந்தபடியே ஏதோ ஒரு படிப்பைப் படித்துத் தாள் வாங்கி வைத்திருந்தார். அந்தத் தாள் ஏணியில் ஆறாம் மட்டத்துக்குச் சரியாகப் பொருந்தியது. ஒரு சோதனையும் இல்லாமல் ஏறிவிட்டார். என்னிடம் இருந்தது பழைய டிப்ளோமா. அதைத் தந்த நிறுவனம் வேறொன்றோடு சேர்ந்து, சேர்ந்ததும் மூடப்பட்டு, இப்போது ஊரிலும் இல்லை, ஏணியிலும் இல்லை. நான் தரையில் நின்றேன். அவர் ஆறாம் படியில் நின்று, “யோசிக்காதேங்கோ மிஸ், நீங்களும் ஏறலாம்” என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

சமையல் வகுப்பு நாலாம் மட்டம். அதைப் படிப்பிக்க எனக்கு ஐந்தாம் மட்டம் வேண்டும். சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு புதிய பிள்ளைகள் சேர்கிறார்கள். அதற்குள் கையால் சமைத்துக்காட்டி ஐந்தாம் மட்டத்தை எடுத்தால் சரி. எடுக்காவிட்டால் வகுப்புக்குள் கால் வைக்க ஏலாது, சமையல் குசினிச் சாவியையும் ஒப்படைக்கவேண்டும். அந்தச் சாவி என் இடுப்பில் தொங்காத நாளை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. அதைக் கேட்ட அன்று வீட்டுக்கு வந்து அழுதேன்.

என் கணவருக்கு இது திருவிழாவாகப் போயிற்று. துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டில் இருப்பதே இப்போது முழுநேர வேலை. “இஞ்சரும், தேத்தண்ணி போடுறதில நான் எத்தினையாம் மட்டம்?” என்று தொடங்குவார்.

“நீங்கள் கதிரையில இருக்கிறதில ஏழாம் மட்டம். தேத்தண்ணியில இன்னும் ஏணிக்குக் கிட்டவே வரேல்ல.”

“அப்ப உமக்குக் கதையில கலாநிதிப் பட்டம் கிடைக்கும். அதை வச்சு அஞ்சாம் மட்டத்தைத் தரச் சொல்லிக் கேளுமன்.”

இப்படி ஆளைச் சீண்டினாலும், என் முகம் வாடியதைப் பார்த்து அவரும் வாடித்தான் இருந்தார். பங்குனி பிறந்ததும் நான் காளி கோயிலுக்குப் போய் ஒரு நேர்த்தி வைத்தேன். தாயே, இந்த வகுப்பு என் கையை விட்டுப் போகக்கூடாது, பங்குனித் திங்கள் அத்தனைக்கும் விரதம் பிடிக்கிறேன், பொழுதுபட்டு உன் பூசை முடியும்வரை பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் வாயில் வைக்கமாட்டேன், அந்த நாட்களில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் என் நாக்கில் படாது என்று சொல்லிக் கும்பிட்டேன். வழக்கமாகப் பிடிக்கிற விரதந்தான். இந்த முறை பெயர் சொல்லிப் பிடித்தேன்.

பிறகு சோதனைக்கு நாள் கேட்டார்கள். ஒரு கிழமையைச் சொல்லி, திங்கள், செவ்வாய், புதன் மூன்றில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொன்னார்கள். நாள் பார்ப்பது எங்கள் வீட்டில் கணவரின் இலாகா. பஞ்சாங்கத்தை மடியில் விரித்தார். செவ்வாய்க்கிழமையில் நல்ல காரியம் தொடங்குவதா, விடும். புதன் அட்டமி, அதுவும் விடும். திங்கள் பின்னேரம் சித்தயோகம். “திங்கள்தான். தூக்கி வச்ச மாதிரி நாள்” என்றார். நானும் தலையாட்டினேன். நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லியும் விட்டேன். அந்தத் திங்கள் பங்குனியில் வருகிறது என்பது அவருக்கும் உறைக்கவில்லை, விரதம் பிடிக்கிற எனக்கும் உறைக்கவில்லை. இரண்டு பேரும் யோகத்தைப் பார்த்தோம், விரதத்தைப் பார்க்கவில்லை.

உறைத்தபோது மாற்ற ஏலாது என்றார்கள். பரவாயில்லை என்று நினைத்தேன். சமைக்கவேண்டிய கறி சீட்டு எடுத்துத்தான் தீர்மானிப்பார்கள். இருக்கிற சீட்டுகளில் பருப்பு உண்டு, கத்தரிக்காய்ப் பால்கறி உண்டு. அம்மனுக்கு ஒரு கத்தரிக்காய்ச் சீட்டைக் கையில் தரத் தெரியாதா?

சோதிக்க வந்தவள் என் பழைய மாணவி. கிண்ணியாப் பிள்ளை. என்னிடம் படித்து, ஹோட்டலில் வேலை செய்து, பிறகு மேலே படித்து, மதிப்பீட்டாளர் என்ற பெயரோடு அன்றைக்குக் கையில் தாள்மட்டையை வைத்துக்கொண்டு குசினி வாசலில் நின்றாள். முன்பு ‘எடி பிள்ளை’ என்று கூப்பிட்டவளை இப்போது எப்படிக் கூப்பிடுவது? “வாங்கோ, மதிப்பீட்டாளர் அவர்களே, இருங்கோ” என்றேன். அவள் கூசிப்போனாள். “ரீச்சர், அப்படிக் கதைக்காதீங்க. எடி பிள்ளை எண்டே கூப்பிடுங்க” என்றாள்.

“சரி பிள்ளை. வெயிலுக்கால வந்திருக்கிறாய், ஒரு தேத்தண்ணி போடுறன்.”

“நான் நோன்பு, ரீச்சர்.”

அப்போதுதான் எனக்கு மற்ற விஷயம் உறைத்தது. பஞ்சாங்கம் பார்த்த மனுசன் பிறையைப் பார்க்கவில்லை. அது நோன்பு மாதம். அதனால்தான் அவள் சோதனையைப் பின்னேரம் வைத்திருந்தாள். கறி இறங்குகிற நேரத்துக்குப் பள்ளிவாசலில் வாங்கு சொல்லும், நோன்பு திறந்துவிட்டு ருசி பார்க்கலாம் என்பது அவள் போட்ட கணக்கு.

“அப்ப நோன்பு திறக்கிற நேரத்துக்குத் தேத்தண்ணி வைக்கிறன்” என்றேன்.

“அதுவும் ஏலா. சோதிக்கிற ஆள் சோதனைக்கு வந்தவங்கட கையால ஒண்டும் வாங்கக்கூடாது எண்டு இருக்கு. நீங்க தேறும்வரைக்கும் உங்கட தேத்தண்ணி எனக்கு இல்ல” என்று சிரித்தாள். வாசலுக்கு வந்த ஆளைத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்பச் சொல்கிற சட்டத்தை எந்தக் கண்டறியாத ஊரில் எழுதினார்களோ தெரியவில்லை.

சீட்டை எடுத்தேன். மீன்குழம்பு.

அம்மனை மனதுக்குள் நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதமுடியாது. குளிர்ப்பெட்டியிலிருந்து பாரை மீனை எடுத்துக் கழுவினேன். யன்னலுக்கு வெளியே உள்துறைமுகத்தில் கோதுமைக் கப்பல் ஒன்று அசையாமல் நின்றது. எங்கள் நகரத்துத் தெருக்களில் திரிகிற புள்ளிமான்களில் ஒன்று கழிவு வாளியைத் தேடி வந்து வாசலில் நின்று எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, இன்றைக்கு இங்கே ஒன்றும் கிடைக்காது என்று கண்டுகொண்டது போல் போய்விட்டது. வெந்தயம் வெடித்தது, சின்ன வெங்காயம் வதங்கியது, புளி கொதித்தது. பசித்த வயிற்றோடு இரண்டு பெண்கள் ஒரு மீன்குழம்புச் சட்டிக்கு இரண்டு பக்கமும் நின்றோம். வாசம் மூக்கில் ஏற ஏற அவள் எச்சில் விழுங்காமல் இருக்கப் பட்ட பாட்டைக் கண்டேன். என் பாட்டை அவளும் கண்டிருப்பாள்.

கை தன்பாட்டில் வேலை செய்தது. ஒவ்வொன்றுக்கும் அவள் தன் தாளில் சரி போட்டுக்கொண்டே வந்தாள். மீன் வெட்டிய விதம் சரி. சுத்தம் சரி. தீ சரி. தேங்காய்ப்பால் திரையாமல் விட்டது சரி. கடைசியில் அவள் பேனை நின்றது.

“ரீச்சர், அடுத்தது ‘பரிமாறுமுன் சுவை பார்த்துச் சரிசெய்தல்’. இது கட்டாயம். இது இல்லாட்டி மத்ததெல்லாம் சரியா இருந்தாலும் தேற ஏலா.”

எனக்குத் தெரியாதா? உப்புப் பார்க்காமல் கறி இறக்கினால் கையை முறிப்பேன் என்று இதே குசினியில் நின்று கத்தியவள் நான். அவளிடமும் கத்தியிருக்கிறேன்.

“பிள்ளை, இண்டைக்குப் பங்குனித் திங்கள்” என்றேன்.

அவள் கண்ணை விரித்தாள். எங்கள் சைவப் பிள்ளைகளோடு ஒன்றாகப் படித்தவள், விளக்கம் தேவைப்படவில்லை. “அல்லாவே! பிறகு ஏன் இந்த நாளைக் கேட்டீங்க?”

“சித்தயோகம் எண்டு அந்த மனுசன் சொல்லிச்சுது. அதோட இந்த விரதமே இந்தச் சோதனையில தேறத்தான் பிடிக்கிறன்.”

அவள் தாள்மட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கிற நிலைமை இல்லை. “வேற நாள் வைக்கலாம், ரீச்சர். ஆனா பெருநாளும் வருசப்பிறப்பும் முடியவேணும்” என்றாள். அதற்குள் புதிய வகுப்புத் தொடங்கிவிடும். நான் குரலைத் தாழ்த்தினேன். “இஞ்ச எங்களை ஆர் பாக்கினம்? அந்த ஒரு வரிக்கு ஒரு சரி போட்டுவிட்டால் என்ன?”

“கூட்டத்துக்கு நானும் வந்தன், ரீச்சர். கடைசி வரிசையில இருந்தன். சும்மா பேருக்குப் புள்ளி போடக்கூடாது எண்டு நீங்க சொன்னப்ப முதல்ல கை தட்டினது நான்தான்.”

என் வாயை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்ணாடியில் பார்த்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கரண்டியை எடுத்துக் குழம்பில் தோய்த்தேன். வாய்வரைக்கும் கொண்டுபோனேன். ஒரு சொட்டு. அம்மன் கணக்கெடுக்கவா போகிறாள்? வகுப்புக் கையில் இருக்கும், சாவி இடுப்பில் இருக்கும். ஆனால் அந்தச் சொட்டு உதட்டுக்குக் கிட்ட வந்தபோது எனக்குக் கோபம் வந்தது, சட்டத்தின் மேல் இல்லை, என் மேல். ஊருக்கெல்லாம் ஒரு வாய், எனக்கு ஒரு வாய் என்று வைத்திருக்கலாமா? கும்பிட்டுச் சொன்னது சொன்னதுதான். கரண்டியைத் தொட்டியில் வைத்தேன்.

“எழுது பிள்ளை. பாக்கேல்ல எண்டு எழுது. ஆனால் ஒண்டு, என்ர கைக்கு உப்பு அளவு தெரியும். நீ நாக்கில வச்சுப்போட்டுச் சொல்லு.”

வாங்குச் சத்தம் கேட்டது. அவள் தன் பையிலிருந்து பேரீச்சம்பழத்தை எடுத்து, ஓதி, வாயில் வைத்துத் தண்ணீர் குடித்தாள். பிறகு ஒரு கரண்டி குழம்பை எடுத்து வாயில் விட்டாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது இருந்தபடி இருந்தது. பிறகு மெதுவாக என்னைப் பார்த்தது.

“ரீச்சர், உப்பு...”

“கூடிப்போச்சோ?”

“இல்ல.”

“காணாதோ?”

“காணாது எண்டு இல்ல, ரீச்சர். இல்லவே இல்ல.”

பொய் சொல்கிறாள் என்று உப்புப் போத்தலைத் திரும்பிப் பார்த்தேன். மூடி மூடியபடி இருந்தது. தேங்காய்ப்பால் விட்ட பிறகு, நாக்கில் வைத்து வைத்துத்தான் நான் உப்புப் போடுவது. இத்தனை வருடமும் என் கை என் நாக்கைக் கேட்டுத்தான் போட்டிருக்கிறது. நாக்குக்கு விரதம் என்றதும் கையும் விரதம் இருந்துவிட்டது! கைக்கு அளவு தெரியுமாம். மண்ணாங்கட்டி தெரியும்.

அவள்தான் முதலில் சிரித்தாள். பிறகு நான். சிரித்துக்கொண்டே இருந்தபோது அது அழுகையாக மாறியதை நான் மறைக்கவில்லை. அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினாள். இப்போது தோல்வி என்று எழுதுவதில்லை, ‘இன்னும் தகுதி பெறவில்லை’ என்றுதான் எழுதுவார்கள். “பிள்ளை, இனி எழுதியாச்சுத்தானே, தேத்தண்ணி?” என்றேன். “தேறும்வரைக்கும் எண்டு சொன்னன், ரீச்சர்” என்றாள். நோன்பு திறந்த பேரீச்சம்பழத்தோடும் தண்ணீரோடும் மட்டும் கிண்ணியா பஸ்ஸுக்கு நடந்து போனாள். அவளை அப்படி அனுப்பியது எனக்கு நான் தேறாததை விடவும் வலித்தது.

அடுத்த நாள் சாவியைக் கொண்டுபோய்ப் பொறுப்பதிகாரியின் மேசையில் வைத்தேன். புதிய பிள்ளைகள் சேர்ந்தபோது வகுப்பை யாரிடம் கொடுப்பது என்று தேடினார்கள். ஐந்தாம் மட்டத்துக்கு மேலே நிற்கிற ஒரே ஆள் யார் என்று ஏணியைப் பார்த்தார்கள். ஆறாம் மட்டம். கணினி ஆசிரியர்! குசினிச் சாவி அவருடைய காற்சட்டைப் பையில் கிலுங்கியது. அடுப்புப் பற்றவைக்கத் தெரியாத மனுசன், ‘உணவு என்றால் என்ன’ என்று கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டுக் கதிரையில் கண்ணயர்ந்தார். பிள்ளைகள் கொப்பியில் எழுதிச் சமைத்தார்கள். நான் பண்டக அறையில் கணக்கெழுதிக்கொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சட்டிச் சத்தமாவது கேட்காதா என்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில் கொழும்புக்காரர் திரும்பவும் வந்தார்கள். சோதனை எப்படிப் போயிற்று, சட்டவரைவில் எதை மாற்றலாம் என்று கேட்கிற இரண்டாவது கூட்டம். பகல் சாப்பாடு கொடுக்கவேண்டும். பொறுப்பதிகாரி பண்டக அறை வாசலில் வந்து தலையைச் சொறிந்தார்.

“மிஸ், உங்களாலை படிப்பிக்கத்தானே ஏலாது. சமைக்க ஏலும்தானே?”

எனக்கு வந்த கோபத்தில் கூரை பறந்திருக்கும். ஆனால் கோபத்தோடு கூடவே ஒரு யோசனையும் வந்தது. “ஓம் சேர், அதுக்கென்ன, வடிவாய்ச் சமைக்கலாம்” என்று தேன் மாதிரிச் சொன்னேன். அந்தக் குரலைக் கேட்டு என் கணவராயிருந்தால் ஓடி ஒளிந்திருப்பார்.

சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, சம்பல் எல்லாம் நாக்கில் வைத்துப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். பாரை மீன்குழம்பும் வைத்தேன். அதையும் நாக்கில் வைத்துப் பார்த்தேன். அதில் மட்டும் உப்புப் போடவில்லை. மேசைகளிலிருந்த உப்புப் போத்தல்களையும் எடுத்து அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

சாப்பிட்டார்கள். பெரியவர் இரண்டாம் தரமும் மீன் எடுத்தார். உப்பைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. குசினி வாசலில் ஒரு ஆள் மட்டும் கையில் சோற்றுப் பீங்கானோடு வந்து நின்றாள். அவள்தான். பெருநாள் முடிந்துவிட்டது, இப்போது பகலில் சாப்பிடுகிறாள்.

“ரீச்சர், மீனுக்கு உப்பில்ல. இந்த முறையும் பாக்கல்லையா?”

“பாத்தனான் பிள்ளை. பாத்துப்போட்டுத்தான் போடேல்ல.”

ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “ஒண்டும் செய்திராதீங்க, ரீச்சர்” என்றாள். நான் ஒன்றும் செய்வதாக இருக்கவில்லை, கொஞ்சம் கதைப்பதாகத்தான் இருந்தேன்.

கூட்டம் திரும்பத் தொடங்கியது. பெரியவர் முதலில் சாப்பாட்டுக்கு நன்றி சொன்னார். “ஹரி ரசய், ஹரி ரசய்” என்றார். கண்ணாடிக்காரத் தம்பி, “சாப்பாடு மிகவும் ருசி, விசேஷமாக மீன்குழம்பு” என்று தமிழாக்கினார். பிறகு பெரியவர் நல்ல செய்தி ஒன்று இருப்பதாகச் சொன்னார். படிப்பிப்பவர்களின் மனக்கஷ்டத்தை விளங்கிக்கொண்டார்களாம். நீண்டகாலம் வேலை செய்தவர்களுக்கு இனிச் சோதனை தேவையில்லையாம். சேவைக்காலத்தைப் பார்த்து மட்டத்தைக் கொடுத்துவிடுவார்களாம். மண்டபம் அதிரக் கைதட்டியது. பொறுப்பதிகாரி என்னைப் பார்த்துச் சிரித்தார். வகுப்பு எனக்கு, சாவி எனக்கு, நாளைக்கே. கேட்டது அத்தனையும் கிடைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும்.

நான் எழும்பினேன். பொறுப்பதிகாரி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

“சேர், மீன்குழம்பில உப்பில்ல” என்றேன்.

கண்ணாடிக்காரத் தம்பி என்னைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார், மொழிபெயர்க்கவில்லை. அந்த அளவுக்கு எனக்கே சிங்களம் தெரியும். “சேர், லுணு நே!” என்றேன்.

“நான் வேணுமெண்டுதான் போடேல்ல. இத்தினை பேர் சாப்பிட்டியள், ஒருத்தரும் சொல்லேல்ல, நீங்கள் அருமையெண்டு புள்ளியும் போட்டிட்டியள். போன முறையும் என்ர குழம்பில உப்பில்லத்தான். நாள் முழுக்கப் பசியோட இருந்த பிள்ளை ஒண்டு, நான் படிப்பிச்ச பிள்ளை, முதல் கரண்டியிலேயே என்ர முகத்துக்கு நேர சொல்லிச்சுது. எனக்குச் சேவைக்காலத்துக்கு மட்டம் வேண்டாம். நரைக்கிறதுக்கு ஆரும் சோதனை வைக்கிறேல்லத்தானே? அந்தப் பிள்ளையையே திரும்ப வரச் சொல்லுங்கோ. நான் சமைச்சுக் காட்டுறன்” என்றேன்.

இந்த முறை தம்பி ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். பெரியவர் பேனையை எடுத்துக் குறித்துக்கொண்டார். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. “திங்கட்கிழமை வேணாம், ரீச்சர்.”

ஒரு வியாழக்கிழமை வைத்தோம். பஞ்சாங்கத்தை நான் கணவரின் கண்ணில் படாமல் ஒளித்து வைத்தேன். கணினி ஆசிரியர் குசினியைத் திறந்துவிட்டு, சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். சீட்டு எடுத்தேன், திரும்பவும் மீன்குழம்பு. ஒருதரம் நாக்கில் வைத்தேன், உப்புப் போட்டேன், திரும்ப வைத்தேன், இன்னும் கொஞ்சம் போட்டேன், மூன்றாம் தரமும் கரண்டியைத் தூக்கியபோது, “போதும் ரீச்சர், எனக்குக் கொஞ்சம் மிச்சம் வைங்க” என்றாள். பிறகு தானும் ருசி பார்த்தாள். தாளில் எழுதினாள், கையெழுத்து வைத்தாள், பேனையை மூடிப் பைக்குள் போட்டாள். மேசையில் கிடந்த சாவியை எடுத்து என் பக்கமாகத் தள்ளினாள். கதிரையை இழுத்துப்போட்டு, கால் நீட்டி இருந்தாள்.

“இப்ப தேத்தண்ணி தாங்க, ரீச்சர்.”

தேத்தண்ணி போட்டேன். ஒரு கரண்டி வாயில் விட்டுச் சீனி பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.